பேட்டரியை நான் வெளியே விடவில்லை

ஜனவரி 9, செவ்வாய்

மைனஸ் இருபத்தாறு. ஆறரை மணிக்கு, குளிரில் செத்துவிடாமல் இரவு அடுப்படியில் வைத்திருந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் என் ஆம்புலன்ஸ் வண்டியில் மாட்டினேன். முதல் சாவியிலேயே கிளம்பியது. ஒரு பிரசவம், ஒரு கால் முறிவு, ஒரு பொய் வயிற்றுவலி. பொய்வலி நம் கணக்கு வாத்தியாருக்கு. பள்ளிக்கூடத்தைச் சோதிக்க ஆள் வரும் நாளெல்லாம் அவருக்கு வலிக்கும். ஆம்புலன்ஸில் வந்து இறங்கி, ஊசி போட்டுக்கொண்டு, பொடிநடையாகத் திரும்பிப் போவார்.

மாலையில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன குளிர்காலத்தில் வாசலில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்குவேன். இப்போது ஒரே மூச்சில் அடுப்படி வரை. நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குக் கைபலம் கூடுகிறதென்றால் சும்மாவா? ஜோல்சு அண்ணனிடம் சொன்னேன். "உன் புருஷன் ரஷ்யாவுலேர்ந்து வந்ததும் அவனையும் தூக்கிப் பாரு" என்றான். இருபத்திரண்டு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். நாக்குதான் அவனுக்கு நாலாவது கியர்.

ஜனவரி 12, வெள்ளி

எழுதினால்தான் தூக்கம் வரும்.

காலை ஒன்பதுக்கு அழைப்பு. மேல்மேய்ச்சலில் கோச்கோன், ஆடு மேய்ப்பவர், வலது பக்க அடிவயிற்றில் வலி. நானும் மருத்துவ உதவியாளர் ஜானிலும் போனோம். கடைசி மூன்று கிலோமீட்டருக்குப் பனி மூடியிருந்தது. வண்டியை ஓடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்தோம். எஞ்சினை ஓடவிட்டுப் போக முடியாது. காத்திருக்கும் நேரத்தில் ஓடினால் அந்தப் பெட்ரோலை என் சம்பளத்தில் பிடிப்பார்கள், இது மருத்துவமனைக்குச் சாமான் வாங்கும் அபசமத்தின் சட்டம். அணைத்தேன்.

அவரைச் சறுக்குப்பலகையில் கிடத்தி இழுத்து வர நாலு மணி நேரம் ஆனது. மைனஸ் முப்பத்தொன்று. சாவியைத் திருப்பினேன். டொக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், அதுவும் இல்லை.

எஞ்சினைக் கையாலேயே சுழற்ற, முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றிப் பார்த்தோம். எண்ணெய் தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஜானிலும் நானும் சேர்ந்து தொங்கினோம், கைதான் கழன்றது. கோச்கோன் முனகிக்கொண்டே இருந்தார். பிறகு முனகல் நின்றது. அதுதான் பயம். அவருடைய தம்பி குதிரையில் கீழே போய் ஒரு நிலக்கரி லாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று மணி நேரம் போய்விட்டது.

முந்தின இரவு பேட்டரி என் வீட்டு அடுப்படியில்தான் இருந்தது. நானேதான் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மகள் அதன்மேல் கையுறையைக் காயப்போட்டு என்னிடம் திட்டு வாங்கினாள்.

ஜனவரி 13, சனி

நாரின் பெரிய மருத்துவமனையில் கோச்கோனுக்கு அறுவை முடிந்ததாம். குடல்வால் வெடித்திருந்ததாம். நாலைந்து நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

ஜனவரி 15, திங்கள்

தலைமை மருத்துவர் நாஸ்கென் அம்மா கூப்பிட்டார். பக்கத்தில் அபசமத். பெட்ரோல், சக்கரம், போர்வை, பேட்டரி, விளக்குமாறு என்று மருத்துவமனைக்கு வாங்குவதெல்லாம் அவன்தான். மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா.

"விளக்கக் கடிதம் எழுதிடு சைகல். நாலு வரி போதும்" என்றார் அம்மா.

என்ன எழுத வேண்டும் என்பதையும் அபசமத் சொன்னான். 'பதினோராம் தேதி இரவு பேட்டரியை வீட்டுக்குள் எடுத்துச் செல்லாமல் வண்டியிலேயே விட்டுவிட்டேன். தவறு என்னுடையது.' ஓட்டும் வேலையிலிருந்து மாற்றித் துணி வெளுக்கும் இடத்தில் போடுவார்களாம். வேலை போகாதாம். பெரிய மனசு.

"நான் வெளியே விடவில்லை" என்றேன்.

"இருபது கிலோ அது. ராத்திரி நேரம், பனி, வழுக்குது. நீ பொம்பள. ஒருநாள் முடியாமப் போயிருக்கும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றான் அபசமத்.

தப்பாக நினைக்கவில்லையாம்! ஒரு மனுஷர் வயிறு கிழிந்து கிடக்கிறார். அது என்னால்தான் என்று என் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறான், அதையும் இரக்கப்பட்டுச் சொல்கிறான். தாளில் தேதியை எழுதினேன். கீழே 'நான் வெளியே விடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு வரி கேட்டார்கள், ஒரு வரிதான் இருந்தது.

ஜனவரி 17, புதன்

சோதித்தார்கள். என்ன சோதனை! அபசமத் பேட்டரியை இரண்டு நாள் தன் அறையில், சூடேற்றும் குழாயோரம் வைத்திருந்தான். இன்று ஓட்டுநர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, பேட்டரி சோதிக்கும் அந்தப் பல்லுக் கருவியை வைத்துப் பத்து நொடி அழுத்தினான். முள் பச்சையில் நின்றது. "பாத்துக்கோங்க, கல்லு மாதிரி இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் ஜோல்சு. "தங்கச்சி, நல்ல பேட்டரி ஒரு ராத்திரி அடுப்பு பக்கத்துல தூங்குச்சுன்னா நாலு மணி நேரம் என்ன, நாள் பூரா தாங்கும். எனக்குத் தெரியாதா? வெளிய விட்டதுதான் சாகும்."

ஜோல்சுவே சொன்னால் யார் மறுப்பது. வேலிக்கு ஓணான் சாட்சி.

நான் தலைநகர் பிஷ்கெக்கில் டிராலிபஸ் பணிமனையில் ஆறு வருஷம் பேட்டரி அறையில் இருந்தவள். அமிலம் பட்ட தழும்பு இரண்டு கையிலும் உண்டு. பத்து நொடி அழுத்துவது கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்றுதான் சொல்லும். கிண்ணம் எவ்வளவு பெரியது என்று சொல்லாது. அதுவும் குழாயோரம் இரண்டு நாள் சூடேறிய பேட்டரி! இங்கே எல்லாரும் செய்கிற பிழைதான் இது. இரவெல்லாம் அடுப்போரம் வைத்து, காலையில் அந்தச் சூட்டோடு சோதிப்பது. மலைமேல் யார் அடுப்பு வைத்திருக்கிறார்கள்?

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி என் பெயரில் பதிந்த பொருள், கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கும்வரை என் பொறுப்பு என்று மட்டும் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. தூக்குவேனா என்று பார்த்தார்கள் போல.

ஜனவரி 18, வியாழன்

என் புருஷன் கெங்கேஷ் போன் செய்தார், ரஷ்யாவிலிருந்து. அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. "எழுதிக் குடுத்துட்டுப் போயேன். துணி வெளுக்கிற வேலைன்னா வீட்டோடயாச்சும் இருப்ப."

"நீங்க விட்டிருந்தா எழுதுவீங்களா?" என்றேன்.

"நான் ஆம்பள, என்னைக் கேக்கவே மாட்டாங்க."

கோபத்தில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் உண்மை அதுதான். இரண்டு குளிர்காலம் முன்பு ஜோல்சுவின் வண்டி இதேபோல வழியில் நின்று, மறுபடி கிளம்பவில்லை. மேலூர் ஏசெனின் மகள் ஜிபார், ஆறு வயது, மூளைக்காய்ச்சல், வண்டிக்குள்ளேயே போய்விட்டாள். ஜோல்சு இரண்டு வரி எழுதினான், 'பேட்டரி பழசு, செத்துவிட்டது' என்று. யாரும் பல்லுக் கருவியோடு வரவில்லை. அப்படியே நம்பி, பழையதைக் கழித்து, நாலு வண்டிக்கும் புதுப் பேட்டரி வாங்கினார்கள். இப்போது என் வண்டியில் இருப்பது அந்தக் கொள்முதலில் வந்த ரகம்தான்.

ஜனவரி 20, சனி

சிரிக்கவா அழவா.

சந்தையில் ஆட்டுக்கறி நிறுக்கும் தராசில் பேட்டரியை வைத்தேன். கறிக்காரி, "எந்தப் பக்கத்து எலும்பு இது அக்கா?" என்றாள். பன்னிரண்டரை கிலோ! மேலே ஒட்டியிருப்பது 75 ஆம்பியர் மணி. பணிமனையில் அந்த அளவுப் பேட்டரி எதுவும் பதினெட்டுக்குக் கீழே நின்றதில்லை. பெட்டி பெரிசு, உள்ளே தகடு பாதிகூட இருக்காது.

அப்படியானால் என் கைபலம்? மூன்று மாதமாக அதை மார்போடு அணைத்துத் தூக்கியவள் நான். இலேசாக இருக்கிறதே என்று ஒருநாள் சந்தேகப்பட்டேனா? பெருமைப்பட்டேன். மடச்சி. போன குளிர்காலம்வரை என் வண்டியில் பழையதே ஓடியது, அது பாழாகி அக்டோபரில்தான் கிடங்கில் கிடந்த இதை அபசமத் கொடுத்தான், அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இருபது கிலோ பொம்பளையால் தூக்க முடியாது என்று சொன்னவனும் ஒருநாள்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

ஜனவரி 21, ஞாயிறு

பணிமனை முறைப்படி செய்தேன். நேற்று முழுக்க மின்னேற்றி ஆறவிட்டேன். இன்று காலை ஆறுக்குப் பழைய முகப்பு விளக்கு ஒன்றை மாட்டினேன். ஐந்து ஆம்பியர் குடிக்கும். எழுபத்தைந்து என்றால் பதினைந்து மணி நேரம் எரிய வேண்டும். பத்தரை வோல்ட்டுக்கு, அதாவது காலியாகும் நிலைக்கு, இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. காத்திருப்பதுதான் வேலை.

மகள் அந்த வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் செய்தாள். நான் மாவு பிசைந்தேன். பதினொன்று நாற்பதுக்கு வோல்ட் மீட்டர் முள் பத்தரைக்கு விழுந்தது.

ஐந்து மணி நாற்பது நிமிஷம். இருபத்தெட்டு. அடுப்படிச் சூட்டில் எழுபத்தைந்துக்கு இருபத்தெட்டு! மைனஸ் முப்பதில் அதில் பாதிகூட நிற்காது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். பிறகு கோச்கோன் நினைவு வந்தது.

ஜனவரி 24, புதன்

எண்களை நாஸ்கென் அம்மாவின் மேசைமேல் வைத்தேன். அபசமத் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எடை குறைவா? புது ரகம்மா, இப்பல்லாம் இலேசாத்தான் செய்யறாங்க. விளக்கு மாட்டி ஆறு மணி நேரம் எரிச்சா எந்தப் பேட்டரிதான் சாகாது? என் மாமியாரை ஆறு மணி நேரம் நிக்க வெச்சா அவங்களும்தான் விழுவாங்க."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் இந்தப் பேட்டரிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

முடிவு: பிப்ரவரி 9, குழு உட்காரும். அம்மா, கணக்கர், தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர். உன் விளக்கில் நிற்கிற பேட்டரி ஒன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டு என்றார்கள். ஒரு நிபந்தனையோடு: வெளிப்பேட்டரி செல்லாது. மருத்துவமனைப் பதிவு எண், வெள்ளைப் பெயிண்டில் எழுதியது, இருக்க வேண்டும்.

பதிவு எண் உள்ள நாலும் அபசமத் வாங்கிய அதே ரகம். அவனுக்குத் தெரியும். குழிபறித்துவிட்டுத் தாண்டிக் காட்டு என்கிறான்.

ஜனவரி 27, சனி

மற்ற இரண்டு ஓட்டுநர்களிடம் பேசினேன். ஒருத்தன் கதவையே திறக்கவில்லை. இன்னொருத்தன் திறந்து, தேநீர் கொடுத்து, "நீங்க சொல்றது சரிதான்க்கா. என்னுதும் இலேசாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மூணு பிள்ளைங்க" என்றான். கிண்ணம் நிறைய ஊற்றினான். பாதிதான் ஊற்றுவது நம் மரியாதை, நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு மட்டும் என்ன, பிள்ளை இல்லையா?

பிப்ரவரி 1, வியாழன்

கோச்கோன் தப்பித்துவிட்டார். இன்று கண் திறந்து உப்புத் தயிர் உருண்டை கேட்டாராம். அவருடைய மனைவி நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ வெளிய விட்டியா?"

"இல்லை."

என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்று போய்விட்டாள். இருபது நாளில் என்னைக் கேள்வியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 3, சனி

ஜோல்சுவின் வீட்டுக்குப் போனேன். அவனிடம் கெஞ்சுவது ஆட்டை அறுக்க ஓநாயிடம் கத்தி கேட்பதுபோலத்தான். ஆனாலும் வேறு வழியில்லை. அவன் வண்டியில் இருப்பதையாவது விளக்கில் போட்டுப் பார்க்கலாம், இரண்டு பேட்டரியும் ஒரே மாதிரி விழுந்தால் நம்பமாட்டார்களா?

அவன் இல்லை. அவன் மனைவி பாத்மா ஆட்டுக்கொட்டகையில் இருந்தாள், ஆடு ஈனும் பருவம். "உள்ள வா சைகல், இந்தக் குட்டியைக் கொஞ்சம் பிடி" என்றாள். பிடித்தேன். கொட்டகையில் நல்ல வெளிச்சம். "ராத்திரி பூரா எரியுது பாரு. ரெண்டு வருஷமா ஒரு குறை இல்ல. கூரைமேல சோலார் தகடுலேர்ந்து பகல்ல ஏத்திக்கும்" என்றாள் பெருமையாக.

விளக்குக் கம்பி போன வழியில் பார்த்தேன். மூலையில் பலகைமேல் ஒரு பேட்டரி. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்ட். 114.

நூற்றுப்பதினாலு. ஜோல்சு வண்டியின் பழைய பேட்டரி. ஜிபார் இறந்த அன்று 'செத்துவிட்ட' பேட்டரி. கழித்துக் கட்டியதாக மூன்று கையெழுத்து விழுந்த பேட்டரி.

குட்டியைக் கீழே விட்டுவிட்டேன். வாசலில் ஜோல்சு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. என் பார்வை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பாத்மாவை உள்ளே போகச் சொன்னான்.

"என்ன பாக்கற?"

"எனக்குத் தேவைப்படறது இந்த ஊர்லயே இது ஒண்ணுதான் அண்ணே."

"அது கழிச்ச சாமான்."

"கழிச்ச சாமான் ரெண்டு வருஷமா எரியுதே?"

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கை எழும்பவில்லை. முகம்தான் என்னவோ ஆனது. "போ" என்றான். "உனக்கென்ன, வேலைதான போகும். வேற வேலை கிடைக்கும். போ."

பிப்ரவரி 4, ஞாயிறு

குழுவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜோல்சுவின் கொட்டகையில் போய்ப் பாருங்கள் என்று. பேட்டரி வரும். விளக்கில் நிற்கும். என் பெயர் தப்பும். அவன் பெயர் போகும், அதோடு ஏசெனின் வீட்டில் இரண்டு வருஷம் முன்பு மூடிய மண்ணை மறுபடி தோண்டுவார்கள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தானே. 'வெளிய விட்டதுதான் சாகும்' என்று எத்தனை உறுதியாகச் சொன்னான். அந்த உறுதி எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரிகிறது. தெரிந்தபிறகு அவன்மேல் கோபம் முழுசாக வரவில்லை. வரவில்லையே என்று என்மேல்தான் கோபமாக வருகிறது.

முடிவெடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன். அவனைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். அவன் வாயிலிருந்து வர வேண்டியதை நான் ஏன் பிடுங்க வேண்டும்? அப்படியானால் எதை வைத்துக்கொண்டு நிற்பாய் சைகல்? ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு நிற்பேன். துரத்தட்டும். துணி வெளுக்கப் போக மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

பிப்ரவரி 7, புதன்

ஜோல்சு என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்புகிறான். ஓட்டுநர் அறையில் மூன்று நாளாக ஒரு கிண்டல் இல்லை. காது சும்மா இருக்கிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

நேற்று மாலையே என் பேட்டரியை முழுக்க ஏற்றி, மருத்துவமனை முற்றத்தில் பனியில் வைக்கச் சொன்னேன். குளிரில் கிடந்ததைத்தான் சோதிக்க வேண்டும், மலையில் அடுப்பில்லை என்றேன். அபசமத் எதிர்த்தான். தொழிற்சங்கத்து ஆள், கனமான கண்ணாடி போட்ட பெரியவர், "அது நியாயம்தானே" என்றார். இரவு காவலுக்குக் காவல்காரரையும் வைத்தார்கள், நான் ஏதாவது செய்துவிடுவேனாம்.

இன்று காலை ஏழு. மைனஸ் பத்தொன்பது. முற்றத்தில் மேசை, மூன்று நாற்காலி, குழு. சுற்றி செவிலியர், சமையல்கட்டு ஆட்கள், வேடிக்கைக்கு வந்த நோயாளிகள். நான் விளக்கை மாட்டப் போனேன்.

"எங்க ஒப்பிடற பேட்டரி?" என்றான் அபசமத்.

"இல்லை" என்றேன்.

"பிறகு என்னத்தைக் காட்டப்போற? உன் விளக்கு எதையும் சாகடிக்கும்னு நான் சொன்னது சரிதானே?"

அப்போது வாசல் கதவு திறந்தது. ஜோல்சு. தோளில் பேட்டரி. பன்னிரண்டு கிலோவைத் தூக்குகிற நடை இல்லை அது. வந்து என் பேட்டரிக்குப் பக்கத்தில் இறக்கினான். வெள்ளைப் பெயிண்ட் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தான்.

"இதை மாட்டு" என்றான் என்னிடம். "ராத்திரி பூரா பனியிலதான் கிடந்துச்சு. அதுக்கு இது மொத தடவை இல்ல."

கணக்கர் தன் பதிவேட்டைப் புரட்டினார். "நூற்றுப்பதினாலு கழிச்சாச்சே? செத்ததுன்னு..."

"சாகல." ஜோல்சு யாரையும் பார்க்கவில்லை, மேசையின் காலைப் பார்த்துப் பேசினான். "நல்ல பேட்டரி. அன்னிக்கு நான் ஒரு கல்யாண வீட்லேர்ந்து வந்தேன். குடிச்சிருந்தேன். கழட்டி உள்ள கொண்டுபோகல. வண்டியிலயே விட்டுட்டேன், மைனஸ் முப்பத்தஞ்சு. காலைல ஏசென் வீட்லேர்ந்து கூப்பிட்டாங்க. எப்படியோ தட்டித் தடவிக் கிளப்பிட்டுப் போனேன். வழியில நின்னுது. பேட்டரி செத்துடுச்சுன்னு எழுதிக் குடுத்தேன், நீங்களும் வாங்கி வெச்சுக்கிட்டீங்க." மூச்சை இழுத்தான். "இவ விடல. விட்டவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில பாக்கறேன். இவ மூஞ்சி அது இல்ல."

நாஸ்கென் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

என் வண்டியிலிருந்து இன்னொரு முகப்பு விளக்கைக் கழற்றி வந்து, இரண்டு பேட்டரியிலும் மாட்டினேன்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு என்னுடையது விழுந்தது. தொழிற்சங்கத்துப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். மூன்று மணி ஐந்து நிமிஷம், பதினைந்து ஆம்பியர் மணி. அபசமத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நூற்றுப்பதினாலு எரிந்துகொண்டிருந்தது, வாயை மூடினான்.

அதற்கப்புறம்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வழக்கு பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ஆனால் அந்த விளக்கு எரிகிறது. பதினொன்று. பன்னிரண்டு. ஒவ்வொரு மணி எரியும்போதும் அது நல்ல பேட்டரி, நல்ல பேட்டரி என்கிறது. ஜோல்சு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தேநீர் கொண்டுவந்தேன், வாங்கவில்லை. ஒரு மணிக்கு அவன் காதருகே போய், "போதும் அண்ணே, கழட்டிடறேன்" என்றேன்.

"கை வெக்காத" என்றான். "எவ்வளவு எரியுதோ எரியட்டும். உள்ளதை எழுது."

அணைந்துவிடு, அணைந்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். நானா? மூன்று வாரம் முன்பு அடுப்படியில் விளக்கு எப்போது அணையும் என்று காத்திருந்தது ஒருவிதம், இது வேறு. மூன்று மணி பத்துக்கு முள் பத்தரையைத் தொட்டது. எட்டு மணி பத்து நிமிஷம். பனியில் கிடந்த, ஏழு வருஷப் பழைய பேட்டரி.

நாற்பத்தொன்று. நானே எழுதினேன். ஜோல்சு பார்த்தான், தலையாட்டினான், அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

என் ஒருவரிக் கடிதம் கோப்பில் போனது, அப்படியே. விசாரணை முடியும்வரை வாங்கி வைத்திருந்த வண்டிச் சாவி திரும்பி வந்தது. நாலு பேட்டரியையும் திருப்பி அனுப்புகிறார்கள். புதிது வந்தால் விளக்கில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பார்ப்பவள் நான் என்று அம்மா உத்தரவு எழுதினார். அவரிடம், "நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்றேன். "போட்டேன்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அபசமத் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் இருக்கிறான். அவனுக்கு என்ன செய்கிறது என்று விசாரிக்க இரண்டு பேர் மாவட்டத்திலிருந்து வருகிறார்களாம்.

ஜோல்சுவை ஓட்டுவதிலிருந்து எடுத்துவிட்டார்கள். துணி வெளுக்கும் இடத்தில் போடவில்லை. ஆம்பளைக்கு அந்த வேலை கொடுக்கமாட்டார்களாம்!

பிப்ரவரி 20, செவ்வாய்

மேலூருக்குத் தடுப்பூசி கொண்டுபோக வேண்டியிருந்தது. ஜானில் முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் ஜோல்சு நின்றான், முகம் மழித்து, வெள்ளைத் தொப்பி போட்டு. "என்னை ஏசென் வீட்டுல இறக்கி விடறியா தங்கச்சி?" ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு வருஷமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப்போனவன், எனக்குத் தெரிந்த வீடுதான் என்றாலும் கைநீட்டிக் காட்டினான். இறங்கும்போது கதவுப்பிடியை இரண்டு தடவை தவறவிட்டான். ஜானில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் வண்டியிலேயே இருந்தேன். உள்ளே சத்தம் கேட்டது, ஏசெனின் குரல், உரக்க. ஒரு பாத்திரம் விழுந்தது. எழுந்து போகலாமா என்று கதவில் கை வைத்தேன். பிறகு சத்தம் இல்லை.

ஜோல்சு வெளியே வந்தபோது தொப்பி கையில் இருந்தது. இன்னொரு கையில் ஒரு ரொட்டித் துண்டு. வாசலை மிதித்தவனை ரொட்டி தராமல் நம் ஆட்கள் அனுப்ப மாட்டார்கள், எதிரியானாலும். அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவன் அதைத் தின்னவில்லை. உள்ளங்கையில் வைத்து மறுகையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்ப்பாலம் வரை பொறுத்துப் பார்த்தேன்.

"சாப்பிடேன் அண்ணே. வழக்கத்துக்குக் குடுத்ததா இருந்தாலும் ரொட்டி ரொட்டிதானே."

"ஏசென் குடுக்கல" என்றான். "அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். கதவு வரைக்கும் பின்னாலயே வந்து, ரொட்டியைப் பிட்டு என் கையில வெச்சது ஜிபாரோட அம்மா."